டர்பனில் சமூக உளவியல் விரிவுரையாளர் வேலை: விளம்பரத்தில் எந்த வரி ஆளை வெளியே நிறுத்துகிறது?

தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று சமூக உளவியலுக்கு விரிவுரையாளர் தேவை என்று விளம்பரம் கொடுத்தால், பெரும்பாலும் அதன் கடைசியில் ஒரு பத்தி இருக்கும். வேலைவாய்ப்புச் சமத்துவத் திட்டத்தின்படி, எண்ணிக்கையில் குறைந்திருக்கும் பிரிவினருக்கு முன்னுரிமை தரப்படும் என்று அது சொல்லும். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம்மவர்கள் விளம்பரத்தைக் கீழிருந்து மேலாகத்தான் படிக்கிறார்கள். அந்தப் பத்தி கண்ணில் பட்டதும் "இது நமக்கு இல்லப்பா" என்று மூடிவிடுவார்கள். மேலே என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்கள் குறைவு.

என்னைக் கேட்டால், ஆட்களைக் கழித்துக்கட்டும் வரி நடுவில் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், இந்த ஒரு பாடத்துக்கு ஆள் எடுப்பது இந்த நாட்டில் ஏன் தனிக்கதை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மனிதர்கள் கூட்டமாகச் சேரும்போது என்ன ஆகிறார்கள், ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் சமூக உளவியல். மற்ற நாடுகளில் இதற்குச் சோதனைக்கூடம் கட்ட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அரசாங்கமே நாட்டைச் சோதனைக்கூடமாக்கி வைத்திருந்தது. ஐ. டி. மக்ரோன் என்ற ஜோகன்னஸ்பர்க் உளவியலாளர், தென்னாப்பிரிக்க இன மனப்பான்மை பற்றிய தன் நூலை 1937இலேயே வெளியிட்டார். மாணவர்களின் இனப் பார்வையை அளவுகோல் வைத்து அளந்த ஆரம்பகால ஆய்வுகளில் அது ஒன்று. அதே காலத்தில் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் 1928 முதல் பயன்பாட்டு உளவியல் பேராசிரியராக இருந்தவர் ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட். பின்னால் 1958 முதல் 1966 வரை பிரதமராக இருந்து இன ஒதுக்கலை இறுக்கிக் கட்டிய அதே ஆள்தான். உளவியல் படித்தால் மனிதர்களைப் புரிந்துகொள்ளலாம் என்பார்கள்; புரிந்துகொண்டு என்ன செய்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நம் பக்கத்துக் கதையும் இதில் உண்டு. 1948இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க உளவியல் சங்கத்தில் 1950களின் நடுவில் ஜோசபின் நாயுடு என்ற இந்திய வம்சாவளிப் பெண் உறுப்பினராக விண்ணப்பித்தார். ஒரே ஒரு விண்ணப்பம். அதன் மேல் வருடக்கணக்கில் சண்டை நடந்தது. வெள்ளையர் அல்லாதவரைச் சேர்க்கக் கூடாது என்றவர்கள் கடைசியில் பிரிந்து போய் 1962இல் வெள்ளையருக்கு மட்டுமான தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1983இல் மறுபடி ஒட்டினார்கள். எல்லாருக்குமான இன்றைய சங்கம் 1994 ஜனவரியில்தான் பிறந்தது. டர்பன்காரரான சாத்ஸ் கூப்பர், ராபன் தீவில் சிறையிருந்தவர், அந்தச் சங்கத்தின் தலைவராகவும், 2012 முதல் 2016 வரை பன்னாட்டு உளவியல் ஒன்றியத்தின் தலைவராகவும் இருந்தார். ஒரு தலைமுறையில் இவ்வளவு தூரம்.

டர்பனுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அது அவ்வளவாகத் தெரியாது. வெவ்வேறு இனத்தார் சரியான சூழலில் பழகினால் வெறுப்பு குறையும் என்ற 'தொடர்புக் கருதுகோள்' 1954இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்னது. அவரும் மாணவர் தாமஸ் பெட்டிக்ரூவும் 1956இல் நேட்டால் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆய்வு செய்தார்கள். பெட்டிக்ரூ இங்கே வெள்ளை மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார். அவர்களிடம் இன வெறுப்பு அதிகம். ஆனால் அதிகாரத்துக்குப் பணியும் ஆளுமை அமெரிக்கர்களைவிடப் பெரிதாக அதிகமில்லை. ஆக, கோளாறு தனித்தனி மனசில் இல்லை, ஊர் வழக்கத்தில் இருக்கிறது. ஊரோடு ஒத்துப் போகிறவர்களே அதிகம் வெறுக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். ஐம்பது வருடம் கழித்து 2006இல், லிண்டா ட்ராப்புடன் சேர்ந்து 515 ஆய்வுகளைத் திரட்டி, பழக்கம் வெறுப்பைக் குறைப்பது பொதுவாக உண்மைதான் என்று காட்டினார்.

சரி, இன ஒதுக்கல் சட்டங்கள் போன பிறகு இங்கே பழகினார்களா? உளவியலாளர்கள் கெவின் டர்ஹைமும் ஜான் டிக்சனும் டர்பனுக்குத் தெற்கே ஸ்காட்பர்க் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தார்கள். விடுமுறை நாளில் யார் எந்த இடத்தில் துண்டு விரிக்கிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், எப்போது கிளம்புகிறார்கள் என்று வரைபடம் போட்டார்கள். பலகை எதுவும் இல்லை, தடுப்பு இல்லை. ஆனாலும் தனித்தனித் திட்டுகளாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பினக் குடும்பங்கள் வர வர வெள்ளையர் கிளம்பிப் போனார்கள். மணலில் எடுத்த இந்த ஆய்வு இன்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. டர்பனில் சமூக உளவியல் சொல்லிக் கொடுக்க வருகிறவர் இந்த மரபின் தொடர்ச்சியாக வருகிறார். அமெரிக்கப் பாடநூலை ஒப்பித்துவிட்டுப் போவதற்கு இந்த ஊரில் ஆள் தேவையில்லை.

இப்போது அந்த நடு வரி. பல உளவியல் துறை விளம்பரங்களில் "சுகாதாரத் தொழில் மன்றத்தில் உளவியலாளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும்" என்றோ, "பதிவு இருந்தால் நல்லது" என்றோ இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மலையளவு வித்தியாசம். 1974ஆம் ஆண்டின் 56ஆம் சட்டப்படி, பதிவு இல்லாதவர் இங்கே தன்னை உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பதிவுக்கு வகைகள் உண்டு: மருத்துவ உளவியல், ஆலோசனை, கல்வி, தொழில், ஆராய்ச்சி என்று போகும். அந்தப் பட்டியலில் சமூக உளவியல் என்று ஒரு வகையே கிடையாது. எனவே சமூக உளவியலில் பிஎச்.டி வாங்கி, நல்ல இதழ்களில் எழுதி, வகுப்பும் எடுத்துப் பழகிய ஒருவர், பதிவு கட்டாயம் என்ற ஒரே வரியால் முதல் வடிகட்டலிலேயே விழுந்துவிடலாம். மருத்துவ உளவியலில் பதிவு பெற்று, சமூக உளவியலை ஒரு தாளாகப் படித்த இன்னொருவர் உள்ளே வருவார்.

துறை ஏன் அப்படி எழுதுகிறது? எல்லாத் துறைக்கும் ஆள் பற்றாக்குறை. மருத்துவ உளவியல் முதுகலை நடத்தவும், பயிற்சி மாணவர்களை மேற்பார்வையிடவும் பதிவு பெற்றவர்கள் வேண்டும். ஒரு பதவி காலியானால் அதை வைத்து இரண்டு ஓட்டையை அடைக்கப் பார்ப்பார்கள். நிர்வாகத்துக்கு அது நியாயமாகப் படும். பாடத்துக்கு அது நஷ்டம்.

இந்த நஷ்டத்தில் நம் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆடி மாதம் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. உளவியல் மூன்றாம் வருடம் படிக்கிற பெண் தட்டோடு வரிசையில் நிற்கிறாள். பெரியம்மா கேட்பார்: "அடுத்து என்ன படிக்கப் போறே மகளே?" "சமூக உளவியல், பெரியம்மா." "அப்போ பேஷன்ட் யாரும் வர மாட்டாங்களா?" பேச்சு நடப்பது ஆங்கிலத்தில்தான், பெரியம்மா என்ற ஒன்று மட்டும் தமிழ். ஆனால் அந்தக் கேள்வி கனமானது. உளவியல் என்றால் ஒரு அறை, ஒரு சாய்வு நாற்காலி, மணிக்கு இவ்வளவு கட்டணம் என்பதுதான் வீடுகளில் இருக்கும் படம். அதனால் ஆனர்ஸ் (இளநிலைக்குப் பிறகு இங்கே படிக்கும் ஒரு வருடப் படிப்பு) முடித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் கூட்டமாக மருத்துவ உளவியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். அங்கே ஒரு பல்கலைக்கழகம் ஒரு வருடத்துக்கு எடுப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரை, விண்ணப்பங்களோ நூற்றுக்கணக்கில். கிடைக்காதவர்களில் பலர் மனிதவளத் துறைக்கோ ஆசிரியர் வேலைக்கோ போய்விடுகிறார்கள். ஆராய்ச்சிப் பக்கம் திரும்பி முனைவர் பட்டம் வரை போகிறவர்கள் சொற்பம். பத்து வருடம் கழித்து விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்க ஆளில்லை.

அந்தக் கடைசிப் பத்திக்கு வருவோம். 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் முன்னுரிமைக்குரிய பிரிவினரை வரையறுக்கிறது: கறுப்பினத்தவர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள். அதில் 'கறுப்பினத்தவர்' என்பது ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் சேர்த்துத்தான். ஆக, "சட்டம் இந்தியர்களை ஒதுக்கிவிட்டது" என்று கோவில் வாசலில் பேசுவது தப்பு. சட்டத்துக்குள் நாம் இருக்கிறோம். ஒதுக்கீடு என்று இந்தியாவில் சொல்கிற மாதிரி இத்தனை இடம் இன்னாருக்கு என்று பூட்டி வைப்பதும் இங்கே இல்லை. எண் இலக்கு வைக்கலாம், கோட்டா கூடாது என்று 15ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி துறைவாரி இலக்குகளை அமைச்சரே நிர்ணயிக்கலாம் என்றாகியிருக்கிறது. அதன் மேல் வழக்கும் அரசியலும் நடக்கின்றன.

ஆனால் கோவில் வாசல் பேச்சில் பாதி உண்மையும் இருக்கிறது. 2016இல் சிறைத்துறை வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் பெரும்பாலும் கலப்பின ஊழியர்கள் தொடுத்த வழக்கு அது. நாட்டு மக்கள்தொகை விகிதத்தை மட்டும் பார்த்து இலக்கு வைத்தது தவறு, மாகாண விகிதத்தையும் பார்க்க வேண்டும் என்றது முதலாவது. முன்னுரிமைப் பிரிவுக்குள் இருக்கும் ஒரு குழுவே குறிப்பிட்ட மட்டத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால், அந்தக் குழுவைச் சேர்ந்தவரையும் மறுக்கலாம் என்றது இரண்டாவது. முதலாவது நமக்குச் சாதகம்: 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க இந்தியர் 2.5 சதவீதம், டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் 7.4 சதவீதம். இரண்டாவது டர்பனில் பாதகமாகலாம். ஒரு துறையில் முதுநிலை விரிவுரையாளர் மட்டத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று கோவிந்தர், பிள்ளை இருந்தால், அடுத்த இடத்துக்கு அந்தத் துறை ஆப்பிரிக்கரைத் தேடலாம். அதே விண்ணப்பதாரர் வேறு மாகாணங்களான ஃப்ரீ ஸ்டேட்டிலோ லிம்போபோவிலோ விண்ணப்பித்தால் முன்னுரிமை இவர் பக்கம் சாயலாம். ஆகவே "இந்தியருக்குக் கிடைக்குமா" என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தம் இல்லை. எந்தப் பல்கலைக்கழகம், எந்த மட்டம் என்று கேட்க வேண்டும். டர்பனை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கசக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த முன்னுரிமை குடியுரிமையோடு கட்டப்பட்டது. பிறப்பாலோ வம்சாவளியாலோ தென்னாப்பிரிக்கக் குடிமக்களானவர்கள், 1994 ஏப்ரல் 27க்கு முன் குடியுரிமை பெற்றவர்கள், இன ஒதுக்கல் சட்டங்கள் இல்லாதிருந்தால் அதற்குள் பெற்றிருக்கக் கூடியவர்கள் ஆகியோருக்கே அது பொருந்தும். சென்னையிலிருந்து விண்ணப்பிக்கும் தமிழர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர், அவ்வளவுதான். பட்டங்களைத் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்திடம் மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும், வேலை விசா வேண்டும். முடியாததில்லை. மாதக்கணக்கில் இழுக்கும்.

விண்ணப்பப் படிவத்தில் இனத்தைக் குறிக்கக் கேட்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் திகைப்பார்கள். எல்லாரையும் இனவாரியாகப் பதிவு செய்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் 1991இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்று ஒருவர் எந்த இனம் என்று சொல்லச் சட்டத்தில் அளவுகோல் இல்லை. ஊழியர் தானே அறிவிக்க வேண்டும், மறுத்தால் பழைய ஆவணங்களை வைத்து நிர்வாகம் முடிவு செய்யலாம். மனிதர்கள் தங்களை எந்தக் குழுவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதை ஆராயும் பாடத்துக்கு வேலை கேட்பவர், முதல் வேலையாக அந்தக் கட்டத்தில் ஒரு குறி போட வேண்டியிருக்கிறது.

சுருக்கப் பட்டியலில் வந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு மாதிரி வகுப்பும் ஒரு நேர்காணலும் இருக்கும். வகுப்பு இருபது நிமிஷம் போல. "இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொடர்புக் கருதுகோளை விளக்குங்கள்" என்பது மாதிரித் தலைப்பு கொடுப்பார்கள். இங்கேதான் ஆள் தெரியும். ஆல்போர்டின் நான்கு நிபந்தனைகளைத் திரையில் போட்டுப் படிப்பவர் ஒரு ரகம். "உங்கள் உணவுக்கூடத்தில் நேற்று யார் யாரோடு உட்கார்ந்தீர்கள்?" என்று தொடங்கி, ஸ்காட்பர்க் வரைபடத்துக்குக் கொண்டுபோய், சமநிலையில் பழகினால்தான் பலன் என்ற நிபந்தனை இந்த ஊரில் எஜமானியும் வேலைக்காரம்மாவும் தினமும் பழகுவதோடு ஏன் பொருந்தாது என்று கேட்பவர் இன்னொரு ரகம். வகுப்பில் பெரும்பாலோர் சுலு பேசும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் இளநிலை மாணவர்களுக்குச் சுலு மொழித்தாளைக் கட்டாயமாக்கியது. கொஞ்சமாவது சுலு தெரிந்த ஆசிரியருக்கு எங்கேயும் மதிப்பு உண்டு. காய்கறிச் சந்தையில் பேசும் ஃபனகலோ என்ற கலப்பு மொழி அதற்குப் போதாது.

நேர்காணல் அறையில் துறைத் தலைவர், புலத் தலைவர், மனிதவள அலுவலர், சமத்துவப் பிரதிநிதி என்று ஆட்கள் இருப்பார்கள். பல இடங்களில் தொழிற்சங்கத்திலிருந்தும் ஒருவர் பார்வையாளராக வருவார். கூட்டமாக முடிவெடுத்தால் சரியாக எடுப்போம் என்பது நம்பிக்கை. 1985இல் ஸ்டாசரும் டைட்டஸும் செய்த சோதனை அந்த நம்பிக்கையை ஆட்டியது. குழுவில் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த தகவலைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த முக்கியமான விஷயம் மேசைக்கே வராமல் போகிறது. தேர்வுக் குழுவில் இது அப்படியே நடக்கலாம்: எல்லாரும் பார்த்த அந்த இருபது நிமிஷத்தையே பேசுவார்கள், முனைவர் ஆய்வை முழுக்கப் படித்த ஒரே உறுப்பினர் வாயைத் திறப்பதற்குள் முடிவு ஆகியிருக்கும். மருந்தும் தெரிந்ததுதான். எல்லாரிடமும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண், பேசுவதற்கு முன்பே அவரவர் எண்ணை எழுதி வைப்பது. 2022இல் பால் சாக்கெட் குழு வெளியிட்ட மறுகணக்கில், வேலைத்திறனைக் கணிக்கும் முறைகளில் இப்படிக் கட்டமைத்த நேர்காணல்தான் முதலிடம் பெற்றது. சமூக உளவியலுக்கு ஆள் எடுக்கும் குழுவாவது இதைப் பின்பற்ற வேண்டாமா?

ஆய்வுக் கட்டுரைகளை எடைபோடும் விதமும் தனி. அங்கீகரித்த இதழில் வரும் கட்டுரைக்கு உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது; ஆசிரியர்கள் பலரென்றால் அது நிறுவனங்களுக்கிடையே பங்கு பிரியும். அதனால் எண்ணிக்கை மேல் ஒரு கண் இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்தப் பாடத்தில் எண்ணிக்கை ஏமாற்றும். 2015இல் ஒரு பெரிய கூட்டு முயற்சி 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. முடிவு மீண்டும் கிடைத்தது ஏறக்குறைய 36 சதவீதத்தில்தான். சமூக உளவியல் பகுதியில் அது கால்வாசி. அதன் பிறகு விவரம் தெரிந்த தேர்வாளர்கள் வேறு கேள்வி கேட்கிறார்கள்: எத்தனை பேரிடம் எடுத்த தரவு, திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்தீர்களா, தரவை மற்றவர்கள் பார்க்க முடியுமா? பத்து சின்னக் கட்டுரை வைத்திருப்பவர் இதில் தடுமாறுவார்; இரண்டே கட்டுரையை டர்பனின் கறுப்பினக் குடியிருப்பான உம்லாசியிலும் சாட்ஸ்வொர்த்திலும் வீடு வீடாகப் போய்ச் சேகரித்து எழுதியவர் நிமிர்ந்து பதில் சொல்வார்.

வேலை கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. பாகுபாடு காட்டினார்கள் என்று நினைத்தால் ஆறு மாதத்துக்குள், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சமரச ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். இந்த விஷயத்தில் விண்ணப்பதாரரையும் ஊழியராகவே சட்டம் கருதுகிறது. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் தெரிந்திருக்க வேண்டியது. பட்டம், முன்கற்றல், அனுபவம், நியாயமான காலத்துக்குள் வேலையைக் கற்றுக்கொள்ளும் திறன், இவற்றில் ஏதாவது ஒன்றாலோ சிலவற்றாலோ ஒருவர் தகுதியானவர் ஆகலாம். அனுபவம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பாகுபாடு காட்டக் கூடாது.

இப்போது ஆனர்ஸில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட உபயோகமான விஷயம், 2015இல் உயர்கல்வித் துறை தொடங்கிய புதிய தலைமுறைக் கல்வியாளர் திட்டம். முதுகலை முடித்தவரையும் எடுத்து, ஆரம்ப ஆண்டுகளில் வகுப்புச் சுமையைக் குறைத்து, முனைவர் பட்டம் முடிக்க வைத்து, ஆறு ஆண்டு முடிவில் நிரந்தரப் பதவியில் தொடர வைப்பது அதன் ஏற்பாடு. அந்தப் பதவிகளையும் பல்கலைக்கழகங்களே விளம்பரப்படுத்துகின்றன. எந்தத் துறைக்கு எந்த ஆண்டு இடம் வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். துறைச் செயலரிடம் அவ்வப்போது கேட்டு வைத்துக்கொள்ளலாம். அந்த விளம்பரத்தையும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். பதிவு கேட்கும் வரி அதில் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு அது கட்டாயமா, விருப்பமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.